மணல்திட்டு ஊற்று சித்திரையில் உப்புத் தட்டுகிறது: இன்னும் ஆழம் தோண்டலாமா?

தென்கரை (கேள்வி):

வணக்கம். ராமேஸ்வரம் தீவில் மன்னார் வளைகுடாப் பக்கம் இருக்கும் ஒரு சின்னக் குடியிருப்புக்காகக் கேட்கிறேன். 28 வீடு, கைக்குழந்தையையும் சேர்த்து 110 பேர். குழாய் இன்னும் வரவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் டிராக்டர் டேங்கில் தண்ணீர் வரும். கச்சான் (தென்மேற்கு) காற்றில் பாதையை மணல் மூடிவிட்டால் அதுவும் நின்றுவிடும். மற்ற நாளெல்லாம் ஊற்றுத் தண்ணீர்தான்.

ஊற்று இரண்டு. ஒன்று கடலிலிருந்து 60 மீட்டரில், 4 அடி ஆழத்தில் வெறும் குழி. இன்னொன்று மணல்மேட்டை ஒட்டி, கடலிலிருந்து 140 மீட்டரில், 3 அடி விட்டமுள்ள சிமெண்ட் உறை இறக்கி 6 அடி ஆழம். மேட்டு ஊற்றில் டி.டி.எஸ். மீட்டர் (ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி) வைத்து எடுத்த அளவு: தை மாதம் 640, மாசி 900, பங்குனி 1,350, சித்திரை பிறந்து பத்தாம் நாள் 2,100. போன வருடம் சித்திரையில்கூட இவ்வளவு கரிக்கவில்லை என்று பெண்கள் சொல்கிறார்கள்.

உறையை இன்னும் 4 அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்று ஒரு தரப்பு. புது இடத்தில் தோண்டலாம் என்று இன்னொரு தரப்பு. எது சரி? புதிதாகத் தோண்டுவதானால் எப்படி, எந்த மாதத்தில்?

ஊத்துமண்வெட்டி:

தம்பி, ஆழம் மட்டும் போயிராதீங்க. கெணறுன்னா ஆழத்துல தண்ணி, ஊத்துன்னா மேலாப்புல தண்ணி. மணல்ல எறங்குன மழைத்தண்ணி கீழ இருக்குற உப்புத்தண்ணி மேல மிதந்துக்கிட்டு நிக்குது, பால்மேல ஆடை மாதிரி. 4 அடி எறக்குனீங்கன்னா ஆடையக் கிழிச்சுப் பாலுக்குள்ள கைய விட்ட கதைதான். மொத ரெண்டு நாளு தண்ணி பெருகி வரும், எல்லாருக்கும் சந்தோசமா இருக்கும். மூணாம் நாளு வாயில வைக்க முடியாது. அப்புறம் அந்த ஓட்டைய மணல் போட்டு மூடுனாலும் உப்பு லேசுல எறங்காது.

ஆழத்துக்குப் பதிலா அகலம், அகலத்தை விட நீளம் நல்லது. புதுசாப் போடுறதா இருந்தா இப்படிச் செய்யுங்க.

எடம்: ரெண்டு கடலுக்கும் நடுவுல மணல்மேடு எங்க ஒசரமோ அதோட அடிவாரம். உமரி மொளச்ச எடத்துல கம்பியே குத்த வேணாம், அது உவர் நெலம். அடும்பங்கொடியும் ராவணன்மீசையும் கெடக்கேன்னு நம்பிறக் கூடாது, அதுக ரெண்டும் உப்புக் காத்துலயும் தளதளன்னு நிக்கும். நாலு எடத்துல கையால துளை போட்டுப் பாருங்க. தண்ணி தட்டுனதும் நிறுத்தி, அரை மணி தெளிய விட்டு, மீட்டர் வைங்க. எது கம்மியோ அது. மத்த துளைய அன்னைக்கே மூடிருங்க, ஆட்டுக்குட்டி கால விட்டுரும்.

மாசம்: சித்திரை கடைசி, வைகாசி. தண்ணி நல்லாக் கீழ எறங்கி நிக்குற நேரம் அது. தை மாசம் தோண்டிட்டு "3 அடியிலயே தண்ணி வந்துருச்சு"ன்னு உறைய வச்சா பங்குனியில காஞ்சு போகும். அப்புறம் ஆழப்படுத்துறேன்னு மறுபடி அதே தப்புக்குப் போவீங்க. ஆனி பொறந்து கச்சான் வலுத்துட்டா தோண்டத் தோண்ட மணல் மூடும், அதுக்குள்ள முடிச்சிருங்க.

தோண்டுறது: கோடைத் தண்ணி மட்டத்துல இருந்து 1 அடி மட்டும் கீழ. அதுக்கு மேல ஒரு சாண்கூட வேணாம். 5 அடி ஆழக் குழிக்கு மேல்வாய் 18 அடியாவது இருக்கணும், ஏன்னா மணல் ஒரு அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி சாஞ்சாத்தான் நிக்கும். நேர்ச்சுவரா வெட்டுனா ஈரம் இருக்குற வரைக்கும் நிக்கும், வெயில் பட்டதும் பொத்துன்னு விழும். ஒரு கன மீட்டர் மணல் ஒன்றரை டன்னுக்கு மேல. இடுப்பளவு மூடுனாலே ஆள வெளிய இழுக்க முடியாது. குழிக்குள்ள ஆள் இருந்தா மேல ரெண்டு பேரு கட்டாயம். அள்ளுன மணல விளிம்புலயே குமிக்காம 4 அடி தள்ளிப் போடுங்க.

நடுவுல ஒரு உறை. அதுல இருந்து கடலுக்கு ஒத்தாப்புல, அதாவது கரையோட நீட்டு வாக்குல, ரெண்டு பக்கமும் 20 அடிக்கு 4 அங்குல பி.வி.சி. குழாய். கடலப் பாத்து நீட்டிறாதீங்க. குழாயில 2 அங்குலத்துக்கு ஒண்ணா 6 மில்லிமீட்டர் துளை. மேல நைலான் கொசுவலை ரெண்டு சுத்து, கடைசி முனைக்கு மூடி. உறையப் பாத்து லேசாச் சரிவு. குழாயச் சுத்தி அரை அடிக்குக் கழுவுன சின்னக் கருங்கல் ஜல்லி. ஒரு சுத்து வலையோட நிறுத்துனா ஒரே வருசத்துல குழாய் முழுக்க நொய்மணல் ஏறிரும், திரும்பத் தோண்டித்தான் எடுக்கணும்.

உறை: கம்பி போட்ட உறை இந்தக் காத்துக்கு ஆகாது. உப்பு உள்ள போயிக் கம்பி துருப்பிடிச்சு ஊதி உறையே வெடிச்சிரும். கம்பியில்லாத கனமான உறை, இல்லைன்னா ரெண்டு பக்கமும் அறுத்த 200 லிட்டர் நீல டிரம். டிரம்மு சமையல் எண்ணெய், சர்க்கரைப் பாகு வந்ததா இருக்கணும். மருந்து, பெயிண்டு வந்த டிரம்ம எத்தனை தடவை கழுவுனாலும் குடிதண்ணிக்கு வைக்காதீங்க. தரைக்கு மேல 2 அடி நிக்கட்டும். தென்மேக்குல பனையோலைத் தட்டி கட்டுனா கச்சான் மணல் பாதி நிக்கும்.

நிலநீர்:

மேலே அண்ணன் சொன்னது சரி. கணக்கையும் பார்த்துவிடலாம், ஊர்க்கூட்டத்தில் பேசும்போது உதவும்.

கடல்நீர் நல்ல நீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம். அதனால் நல்ல நீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் இறங்கி நிற்கும். இதைக் கைபன்–ஹெர்ஸ்பெர்க் விகிதம் என்பார்கள். மேட்டு நிலத்தில் இருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. ஒடுங்கிய மணல்திட்டில் இதுவே கெட்ட செய்தி: மேல்மட்டம் 1 அங்குலம் தாழ்ந்து அப்படியே நின்றால், அடியில் உப்பு 40 அங்குலம் ஏறப் பார்க்கும். நிஜத்தில் நடுவே கத்தி வெட்டினாற்போல் கோடு கிடையாது, நல்ல நீரும் உப்புநீரும் கலந்த அடுக்கு ஒன்று இருக்கும். ஆகவே 40 என்பதை அப்படியே நம்பி ஆழத்தைக் கணக்குப் போடாதீர்கள், அதற்கு முன்பே கரிக்க ஆரம்பித்துவிடும்.

உங்கள் அளவுகளைப் பாருங்கள். கடல்நீரின் உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 35,000 மில்லிகிராம். 640 இருந்த நீர் 2,100 ஆக வேண்டுமானால் நூறு குடத்தில் நாலேகால் குடம் கடல்நீராக இருந்தால் போதும். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. ஊற்று செத்துவிடவில்லை.

ஆனால் தை முதல் சித்திரை வரை மூன்று மடங்கு ஏறியதற்கு வெயிலும் மழையில்லாத நாளும் மட்டும் காரணமாக இருக்க முடியுமா என்பது சந்தேகம். போன வருடம் இப்படி இல்லை என்கிறீர்கள். 110 பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் என்றால் நாளைக்கு 1,100 லிட்டர். குடத்தால் மொண்டு, காலையும் மாலையும் பிரித்து எடுத்தால் இரண்டு ஊற்றுகள் இதைத் தாங்க வேண்டும். இந்த வருடம் புதிதாக என்ன நடந்தது? மோட்டார் ஏதும் வைத்தீர்களா?

தென்கரை:

ஆமாம் ஐயா. மாசியில் அரை எச்.பி. மோட்டார் ஒன்று மேட்டு ஊற்றில் வைத்தார்கள். குளிக்கவும் துவைக்கவும் ஒரு சின்டெக்ஸ் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். காலையில் ஒரு மணி நேரம் ஓடும். சாலையோரக் கடைகளுக்கும் சில குடங்கள் போகின்றன. இதைக் கேள்வியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நிலநீர்:

அதுதான் விஷயம். அரை எச்.பி. மோட்டார் இவ்வளவு குறைந்த ஏற்றத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் தள்ளும். ஊர் முழுக்கக் குடிக்கும் நீரைப் போல இரண்டு மடங்கு, ஒரே மணி நேரத்தில், ஒரே புள்ளியிலிருந்து. உறிஞ்சும் இடத்துக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பு போல மேலெழும். மோட்டாரை நிறுத்தினால் கூம்பு மெல்ல இறங்கும், ஆனால் ஏறிய வேகத்தில் இறங்காது. மறுநாள் காலை அது பாதி வழியில் நிற்கும்போதே மறுபடி சுவிட்சைப் போடுகிறீர்கள். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் நடந்தது இதுதான்.

மோட்டாரை முதலில் எடுங்கள். தோண்டுவதெல்லாம் பிறகு.

அதோடு, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி உயர் ஓத எல்லையிலிருந்து (கடல் ஏற்றம் எட்டும் உச்சக் கோடு) 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கத் தடை உண்டு. அங்கே வாழும் உள்ளூர் மக்கள் தங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுப்பதற்கு மட்டும் விலக்கு. கடைகளுக்குக் குடம் போவது அந்த விலக்கையே கேள்விக்கு உள்ளாக்கும். மணல்மேடுகள் தனிப் பாதுகாப்புக்கு உட்பட்டவை. ஆகவே மேட்டைக் குடையாதீர்கள், அடிவாரத்தோடு நில்லுங்கள். ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தோண்டுவது நல்லது.

மொள்ளும் முறைக்கு ஒரு சின்ன ஏற்பாடு: உறையின் உட்சுவரில் காலை நீர்மட்டத்தில் பெயிண்டால் கோடு போடுங்கள். அதற்கு நாலு விரல் கீழே இன்னொரு கோடு. தண்ணீர் கீழ்க்கோட்டைத் தொட்டதும் அந்த ஊற்றை மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். வாரம் ஒரு நாள், முதல் குடத்திலும் கடைசிக் குடத்திலும் மீட்டர் வையுங்கள். வித்தியாசம் 100-க்கு மேல் போனால் இரண்டு விரலுக்குக் கீழ்க்கோட்டை ஏற்றுங்கள். கரையோரக் குழியில் ஓதத்தோடு மட்டம் ஏறி இறங்கும், அதை ஊறிவிட்டதாக எண்ணி மொள்ளக் கூடாது. 60 மீட்டர் குழியைத் துவைக்கவும் கழுவவும் மட்டும் வைத்துக்கொண்டால் மேட்டு ஊற்றின் பாரம் குறையும்.

ஊத்துமண்வெட்டி:

மோட்டார்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன் தம்பி. 😀 சரி, தோண்டுற வெவரம் வீண்போகாது. ஒரு மாசம் மோட்டார் இல்லாம விட்டுப் பாருங்க, அப்புறமும் 1,500-க்குக் கீழ எறங்கலைன்னா நீட்டு ஊத்து போடுங்க. மொள்ளுறதுக்கு வாளியத் தொப்புன்னு போடாம சிரட்டையில அகப்பை கட்டியோ பனையோலைப் பட்டையாலயோ மேலாப்புல மொள்ளச் சொல்லுங்க. அடியக் கலக்குனா கலங்கலும் வரும் உப்பும் வரும். இதெல்லாம் அந்தப் பெண்டுகளுக்கே தெரியும், மோட்டார் வந்ததும் மறந்திருப்பாங்க.

சுகாதாரச்செவிலி:

எல்லாரும் உப்பையே பேசுறீங்க. டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டாதுங்க. 300 காட்டுற தண்ணியிலயும் வயிற்றுப்போக்கு வரும்.

அளவு சொல்லிடுறேன். இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேற வழியே இல்லைன்னா 2,000 வரை பொறுத்துக்கலாம். நைட்ரேட் 45-க்கு மேல போகக் கூடாது, அதுக்கு விலக்கே கிடையாது. கழிவறைக் குழி பக்கத்தில் இருந்தா ஏறுறது அந்த நைட்ரேட்தான், புட்டிப்பால் கரைச்சுக் குடிக்கிற பிள்ளைகளுக்கு அது ஆபத்து. அதனால மேட்டு ஊற்றுத் தண்ணியை ஒரு தடவையாவது குடிநீர் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்துப் பாருங்க. 2,100-ல் இருக்கும்போது கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ரத்த அழுத்தம் உள்ளவங்களுக்கும் டேங்கர் தண்ணியைத் தனியா எடுத்து வைங்க.

கொதிக்க வச்சா உப்புப் போகும்னு நினைக்கிறவங்க இருக்காங்க. போகாது, தண்ணி ஆவியாகி இன்னும் கொஞ்சம் கரிக்கும். கிருமிதான் சாகும். தேத்தாங்கொட்டையைப் பானையில் உரைச்சா கலங்கல் தெளியும், கிருமி சாகாது.

பிளீச்சிங் பவுடரை ஊற்றுக்குள்ளேயே கொட்டாதீங்க. 3 அடி உறையில் 2 அடி தண்ணின்னா 400 லிட்டர்தான், அதுக்கு ஒரு கிராம் போதும். யாரும் ஒரு கிராம் நிறுத்துப் போடப்போறதில்லை, கையால அள்ளிப் போட்டுட்டு நாத்தம் தாங்காம ஒரு வாரம் அந்தப் பக்கமே வரமாட்டாங்க. சேமிக்கிற டிரம்மில் போடுறதுதான் நல்லது. 25 கிராம் பவுடரை 1 லிட்டர் தண்ணியில் கரைச்சு, தெளிய வச்சு, மேல்தெளிவை மட்டும் எடுங்க. 200 லிட்டர் டிரம்முக்கு 20 மில்லி, 20 லிட்டர் குடத்துக்கு 2 மில்லி. மருந்து ஊசிக் குழலில் அளந்தா சுலபம். அரை மணி நேரம் மூடி வச்சு, குளோரோஸ்கோப்பில் (தண்ணியில் மிஞ்சின குளோரினைக் காட்டுற சின்னக் கருவி) 0.2 காட்டினா குடிக்கலாம். காட்டலைன்னா தண்ணியில் அழுக்கு அதிகம், இல்லைன்னா பவுடர் செத்துப்போச்சு. கடல்காற்றில் பிரிச்ச பொட்டலம் சீக்கிரம் வீரியம் போயிடும். மூடி இறுகின பிளாஸ்டிக் டப்பாவில், நிழலில் வைங்க. கரைசலை அன்னன்னைக்கு அன்னன்னைக்கே கரைங்க.

கழிவறை ஊற்றிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாம இருக்கணும்னு பொதுவாச் சொல்வாங்க. மணலில் அதுவும் பத்தாது. மேட்டிலிருந்து தண்ணி கடலைப் பார்த்து நகருது, அதனால குழி எப்பவும் ஊற்றுக்குக் கடல் பக்கம் வரணும், மேட்டுப் பக்கம் வரவே கூடாது. 5 அடியில் தண்ணி நிக்கிற இடத்தில் வழக்கமான உறிஞ்சு குழியை வெட்டினா அது ஊற்றோட பேச ஆரம்பிச்சுடும். தரைக்கு மேல கட்டின உலர் கழிவறைதான் இங்கே பொருந்தும்.

கூரைமழை:

ஊற்றோடு சேர்த்து மழையையும் பிடியுங்கள். வீட்டுக்கு வீடு வேண்டாம். ஓலைக்கூரைத் தண்ணீர் நிறம் மாறி வரும், தூசும் அதிகம். வலை வைக்கும் பொதுக் கொட்டகைக்குத் தகரக் கூரை இருந்தால் அது ஒன்று போதும்.

1,000 சதுர அடி கூரை என்றால் 93 சதுர மீட்டர். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் சேர்ந்து 400 மில்லிமீட்டர் பெய்தால், சிந்தியது தெறித்தது ஐந்தில் ஒரு பங்கு போக 29,700 லிட்டர் கிடைக்கும். குடிக்க மட்டும் ஆளுக்கு 3 லிட்டர் வீதம் 110 பேருக்கு நாளைக்கு 330 லிட்டர். 90 நாள் வரும். சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதத்துக்கு அது போதும். அதற்கு முன்னால் தொட்டியைத் திறக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு இல்லாத ஊரில் தொட்டி தையிலேயே காலியாகிவிடும். பூட்டையும் சாவியையும் பெண்கள் குழுவிடம் கொடுங்கள்.

உள்நாட்டில் முதல் மழையில் 1 மில்லிமீட்டரைக் கழித்து விட்டால் போதும். கடற்கரையில் கூரை முழுக்க உப்புப் படிந்திருக்கும், 2 மில்லிமீட்டராவது விட வேண்டும். இந்தக் கூரைக்கு அது 190 லிட்டர் சுமார், ஒரு 200 லிட்டர் டிரம். இறங்கு குழாயில் அந்த டிரம்மை முதலில் நிறையும்படி வைத்து, நிறைந்த பிறகு தொட்டிக்குப் போகும்படி டி-இணைப்புக் கொடுங்கள். டிரம்மின் அடியில் ஒரு திருகு குழாய் வேண்டும். அதைத் திறந்து காலி செய்ய மறப்பதுதான் எல்லா ஊரிலும் நடக்கும் தப்பு. காலி செய்யாவிட்டால் அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குள் போகும்.

தொட்டி 5,000 லிட்டர் கறுப்பு பிளாஸ்டிக் ஆறு. வெளிச்சம் புகும் நிறத்தில் வாங்கினால் பாசி பிடிக்கும். புயல் மாதங்களில் காலித் தொட்டியைக் கட்டாமல் வைக்காதீர்கள். நிறைந்த தொட்டி 5 டன், தானே நிற்கும். காலித் தொட்டி பறந்து அடுத்த வீட்டு ஓட்டை உடைக்கும். கூரை ஆணிகளையும் ஐப்பசிக்கு முன்னால் பாருங்கள், இந்தக் காற்றில் துரு மளமளவென்று ஏறும்.

கண்மாய்க்கரை:

கடலோரத்துக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லைங்க இது. உள்ளே சாயல்குடி, கமுதி பக்கம் குடிதண்ணி ஊருணிகளிலும் இதே கூத்துதான். தூர் வாருறோம்னு ஜே.சி.பி.யை இறக்கி அடிக் களிமண்ணையே அள்ளிடுறாங்க. களிமண்தான் தண்ணியைத் தாங்குற தட்டு. அது போனா மேல நிக்கிற தண்ணி கீழ இறங்கும், கீழே உவர் இருந்தா அது மேல கசியும். வண்டலை மட்டும் எடுங்க, மண்வெட்டியில் பிசுபிசுன்னு ஒட்ட ஆரம்பிச்சதும் நிறுத்துங்க.

தென்கரை:

எல்லாருக்கும் நன்றி. மோட்டாரைக் கழற்றுவதில் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள் என்று தோன்றவில்லை, துவைக்கும் தண்ணீருக்கு வேறு வழி கேட்பார்கள். 60 மீட்டர் குழிக்கு மாற்றி வைத்தால் ஆகாதா? இன்னொன்று: புயலில் கடல் உள்ளே ஏறி ஊற்றில் விழுந்தால் முழுக்க இறைத்துவிட வேண்டுமா?

நிலநீர்:

60 மீட்டர் குழிக்கு மோட்டாரை மாற்றினால் இரண்டே வாரத்தில் அங்கே கடலைத்தான் இறைப்பீர்கள். துவைக்கத்தான் என்றாலும் சோப்பு நுரைக்காது. கைப்பம்பு வையுங்கள், கை வலித்ததும் ஆள் நிறுத்திவிடுவார். எந்த மோட்டாருக்கும் இல்லாத நல்ல குணம் அது. அலசுவதற்குக் கடல்நீர், கடைசி ஒரு அலசலுக்கு மட்டும் நல்ல நீர் என்று வைத்தால் துவைக்கும் செலவு நாலில் ஒன்றாகும்.

கடல் ஏறினால்: உறைக்குள் நிற்கும் நீரையும் செத்தையையும் ஒரே ஒரு தடவை மொண்டு வெளியே, கடல் பக்கம் ஊற்றுங்கள். அதோடு விட்டுவிடுங்கள். மறுபடி மறுபடி இறைத்தால் மணலில் தேங்கிய உப்பை ஊற்றை நோக்கி இழுக்கிறீர்கள். உப்பைக் கீழே தள்ளுவது மழைதான். நல்ல மழை ஒரு பருவம் விழுந்தால் மேலாப்பு தேறும், மோசமாக ஏறியிருந்தால் இரண்டு பருவம். அதுவரை வாரம் ஒரு தடவை மீட்டர் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களுக்குத்தான் கூரைமழை சொன்ன தொட்டி. புயல் மழைக்கு முன்னால் உறையின் வாயைத் தார்ப்பாய் போட்டுக் கட்டி, சுற்றி மணல் மூட்டை அடுக்கினால் அலைத் தெறிப்பாவது உள்ளே விழாது.

ஊத்துமண்வெட்டி:

மூட்டையில மணல அந்த மேட்டுல இருந்தே அள்ளிறாதீங்க. மேடுதான் உங்க தொட்டி.